பொறி பேசுகின்றது, படிவம் ஊமை

சரக்குந்தின் அடியிலிருந்து எழும் ஓசையை அதனை ஓட்டுபவன் எட்டு வகையாகச் சொல்வான். கரகரவென்கின்றது என்பான், கிலுகிலுவென்கின்றது என்பான், கீச்சுக்கீச்சென்கின்றது, தடக்கென்று அடிக்கின்றது, முனகுகின்றது, ஊளையிடுகின்றது, இரைகின்றது, நறநறவென்று அரைக்கின்றது என்பான். பணிமனையின் வாயிலில் அமர்ந்திருக்கும் எழுத்தர் இவ்வெட்டையும் செவிமடுத்துவிட்டுப் படிவத்தில் ஒரே தொடரை எழுதுவார்: ‘அப்னார்மல் நாய்சு’. எட்டு நோய்க்கு ஒரே பெயர். அப் பெயரும் ஓட்டுநனுக்கு விளங்காதது. உள்ளே திருகாணியைத் திருகும் கம்மியனுக்கோ பயன்படாதது.

தமிழில் பொறிநுட்பம் சொல்ல முடியாது என்று மேடைதோறும் முழங்கும் மேதைகள் ஒருநாள் இந்த வாயிலில் வந்து நிற்றல் வேண்டும். சொல்ல முடியாமற் போனது எம்மொழியில் என்பதைக் கண்ணாரக் காண்பர்.

ஓயாமல் ஒலிக்கும் பழுதிற்கு மொழி அத்துணை வேண்டுவதில்லை. கம்மியன் தன் காதாலேயே கேட்டுக்கொள்வான். விட்டுவிட்டு ஒலிக்கும் பழுதின் நிலை வேறு. தொப்பூர்க் கணவாயில் சுமையோடு இறங்கும்போது ஊளையிட்ட வண்டி, சேலத்துப் பணிமனைக்குள் வெறுமனே வந்து நிற்கும்போது பூனைபோல் அடங்கிக் கிடக்கும். அப்போது கம்மியனுக்குக் கிடைக்கும் ஒரே சான்று ஓட்டுநனின் வாய்ச்சொல். அச் சொல் படிவத்தில் ஏறும்போதே கொல்லப்படுமானால் பிறகு நடப்பது ஆய்வன்று, குருட்டாட்டம். பல்லிணைப் பெட்டியை இறக்குவர். நல்ல தாங்கிகளைக் கழற்றிப் புதியன மாட்டுவர். உடைமையாளனின் ஒரு திங்கள் தவணைப் பணம் அங்கே கரையும். மறு நடையில் அதே கணவாயில் அதே ஊளை எழும்.

பணத்தோடு போனாலும் தாழ்வில்லை. உந்துதண்டின் மூட்டு தளர்ந்து அடிக்கும் ஓசையைப் பொருட்படுத்தாமல் ஓட்டினால், ஒருநாள் அம் மூட்டு முறியும். முன்முனை கழன்ற தண்டு சாலையிற் குத்தி வண்டியையே தூக்கி எறிதலும் உண்டு. இறக்கத்தில் முறிந்தாலோ பொறியின் பிடிப்பு உருளிகளை விட்டு அறவே நீங்கிவிடும். முழுச்சுமையும் தடையின்மேல் விழும். ஆகவே ஓர் ஓசைக்குச் சரியான சொல் வழங்குவதும் வழங்காமையும் புலவர் பொழுதுபோக்கன்று, உயிர்ச்செய்தி.

இனி, அவ்வோசையை எங்ஙனம் நாடிக் காண்பது என்பதைத் தமிழிலேயே சொல்லிப் பார்க்கலாம். சொல்ல முடியாது என்பாரும் உடனிருந்து கேட்கட்டும்.

பொறியின் ஆற்றல் உருளியைச் சேரும் வழி நெடியது. முதலில், பணிமனையில் ‘கிளட்சு’ எனப்படும் உரசிணைப்பி. உரசி இணைவதாலும், மிதித்தால் விடுவதாலும் அப் பெயர். அடுத்துப் பல்லிணைப் பெட்டி. அதனுள் பொறியிலிருந்து வருவது தலைத்தண்டு. அதனோடு பல் கோத்துச் சுழல்வது பக்கத்தண்டு. பக்கத்தண்டின் ஆழிகளிடமிருந்து ஆற்றலைப் பெற்று வெளியே தருவது தாய்த்தண்டு. அதன்பின் உந்துதண்டும் அதன் குறுக்கை மூட்டுகளும். கடைசியாகப் பின்னச்சுப் பெட்டியும், அதனுள் முடியாழியும் சிற்றாழியும், வளைவில் இரு உருளிகளும் வெவ்வேறு விரைவில் சுழல உதவும் வேறுபாட்டுப் பல்லிணையும். இத்துணை உறுப்புகளுள் ஒலிப்பது எது? ஒலி எதனோடு கூடி வருகின்றது, எதனோடு கூடி மறைகின்றது என்று பார்த்தலே வழி. பொறியின் விரைவோடு மாறுகின்றதா, சாலை விரைவோடு மாறுகின்றதா, சுமையோடு மாறுகின்றதா, மிதியோடு மாறுகின்றதா என்பன வினாக்கள். பிற யாவும் இவற்றின் கிளைகளே.

வண்டியை நிறுத்தி, உருளிகளுக்குக் கட்டை கொடுத்து, பல்லிணையை நடுநிலையில் வைத்துப் பொறியை மட்டும் ஓடவிடுக. மிதியினின்றும் காலை எடுத்தால் தலைத்தண்டும் பக்கத்தண்டும் சுழலும், தாய்த்தண்டு நிற்கும். இப்போது எழும் கரகரப்பு, மிதியை முற்ற அழுத்தியதும் அடங்குமானால், பழுது தலைத்தண்டின் தாங்கியிலோ பக்கத்தண்டின் தாங்கிகளிலோ உள்ளது. கரகரப்பாயில்லாமல் கிலுகிலுப்பாயிருந்து, பொறியின் விரைவைச் சற்றே கூட்டியதும் மறைந்தால், தாங்கிமேல் பழி போடலாகாது. உரசுதட்டின் நடுவிலுள்ள சுருள்விற்கள் தளர்ந்து, பொறியின் துடிப்பு தடுப்பாரின்றிப் பற்களுக்குச் சென்று அவற்றைக் கிலுகிலுக்கச் செய்வதாக இருக்கலாம். கரகரப்பிற்கும் கிலுகிலுப்பிற்கும் உள்ள இவ்வேறுபாட்டைப் பிரித்தறிய முடியாத படிவம் எத்தனை பல்லிணைப் பெட்டிகளை வீணே இறக்கியிருக்கும்!

மாறாக, மிதியில் கால் பட்டு அழுத்தியதும் ஒலி தோன்றி, காலை எடுத்ததும் மறையுமானால், அது விடுப்புத் தாங்கி. மிதியை முற்றும் அழுத்திப் பல்லிணையையும் ஏற்றி வண்டி நிற்கும்போது மட்டும் சிணுங்குமானால், தலைத்தண்டின் முனை பொறியின் பெருஞ்சக்கரத்து நடுவில் அமர்ந்திருக்கும் முனைத்தாங்கியை நோக்குக. பொறி சுழலத் தலைத்தண்டு நிற்கும் அந் நிலையில்தான் அத் தாங்கிக்கு உண்மையான வேலை.

ஓடும்போது வரும் ஒலிக்கு வேறு ஆய்வு. ஒரே ஒரு பல்லிணையில் மட்டும் வந்தால் அவ்விணையின் பற்களோ அவ்வாழியின் ஊசித்தாங்கியோ பழுதென்க. எல்லா இணைகளிலும் வந்து, நேரிணைப்பில் மட்டும் அடங்கினால் பக்கத்தண்டைப் பற்றி ஐயுறலாம். ஏனெனில் நேரிணைப்பில் தலைத்தண்டும் தாய்த்தண்டும் ஒன்றாகப் பிணைந்துவிட, பக்கத்தண்டு சுழன்றாலும் சுமை தாங்குவதில்லை. நேரிணைப்பு எது என்பதைக் கம்மியன் அறிந்திருத்தல் வேண்டும். சில பெட்டிகளில் அது கடைசி இணை. வேறு சிலவற்றில் கடைசி இணை பொறியை மிஞ்சிச் சுழல்வது, அதற்கு முன்னையதே நேரிணைப்பு. பெட்டிக்குரிய கையேட்டில் இச் செய்தி உண்டு. கையேடு ஆங்கிலத்தில் உண்டு. அதனைப் படிக்க வேண்டியவன் பத்தாம் வகுப்புவரை தமிழிற் படித்தவன். இதற்குமேல் விளக்கம் வேண்டுமா?

சமமான, ஆளரவமற்ற சாலையில் ஓடும்போது ஒலி எழுந்தால், மிதியை அழுத்திப் பல்லிணையை நடுநிலைக்குக் கொணர்ந்து வண்டியைத் தானே உருளவிட்டுப் பார்ப்பதுண்டு. ஒலி உடனே நின்றால் அது பொறியையோ உரசிணைப்பியையோ சுமையேறிய ஆழிகளையோ சார்ந்தது. நில்லாமல், வண்டியின் விரைவோடு சேர்ந்தே தணிந்தால் உந்துதண்டையோ பின்னச்சையோ உருளியையோ சார்ந்தது. இவ்வாய்வை இறக்கத்தில் செய்பவன் அறிவிலி. தன் உயிரோடு பிறருயிரையும் பணயம் வைப்பவன்.

இங்கே ஒரு சிறு கணக்கு. 10.00-20 அளவுள்ள உருளிப்பட்டையின் சுற்றளவு ஏறத்தாழ 3.2 மீட்டர். மணிக்கு 60 கிலோமீட்டர் விரைவில், அதாவது மணித்துளிக்கு 1000 மீட்டர் ஓடும்போது, உருளி மணித்துளிக்கு ஏறத்தாழ 312 முறை, நொடிக்கு 5 முறை சுழலும். பின்னச்சின் பல்விகிதம் 6 எனக் கொண்டால் உந்துதண்டு நொடிக்கு 31 முறை சுழலும். ஐந்தைக் காதால் எண்ணலாம். முப்பத்தொன்றை எண்ண முடியாது, அது ஒரே இரைச்சலாக, உடல் முழுதும் அதிர்வாகத் தோன்றும். ஆகவே, ‘டப்டப்பென்று அடிக்கின்றது’ என்று ஓட்டுநன் சொன்னால் உருளியையும், ‘குறிப்பிட்ட விரைவில் இரைந்து இருக்கையே நடுங்குகின்றது’ என்றால் உந்துதண்டையும் முதலில் நாடலாம். தமிழில் அடுக்கி வரும் ஒலிக்குறிப்பு வேறு, நீண்டொலிக்கும் வினை வேறு. இரட்டைக்கிளவி இரட்டித்தே நிற்கும் என்பதைத் தொல்காப்பியர் கிளவியாக்கத்தில் ஓதியிருக்கின்றார். இலக்கணம் அறியாத ஓட்டுநனின் நாவில் அவ்விலக்கணம் பிழையின்றி வழங்குகின்றது. அவன் டப்டப்பென்றதை ‘நாய்சு’ ஆக்கிய எழுத்தரே கணக்கின் திறவுகோலைத் தொலைத்தவர்.

ஆங்கிலத்தின்மேல் குறை சொல்வதற்கில்லை. ஆங்கிலேயக் கம்மியன் தன் பணிமனையில் ‘கிளங்கு’ என்றும் ‘வைன்’ என்றும் ‘கிரௌல்’ என்றும் தன் தாய்மொழியின் ஒலிச்சொற்களாலேயே பழுதைப் பிரித்துச் சொல்கின்றான். அவனுக்கு அது பிறப்புரிமை. இங்கே இறக்குமதியானது அவன் மொழியின் உயிரன்று, உமி.

குறுக்கை மூட்டு உயவுநெய் வற்றி உலர்ந்தால், வண்டி மெல்ல நகரும்போது குருவிக்குஞ்சுபோல் கீச்சிடும். விரைந்ததும் பிற ஒலிகளில் அமுங்கும். அதனையே கவனியாமல் விட்டால், ஊசியுருளைகள் தேய்ந்து, வண்டி புறப்படும்போதும் பின்னுக்கு எடுக்கும்போதும் தடக்கென்று ஓரடி அடிக்கும். ஆற்றல் ஏறும்போது மட்டும் ஊளையிடுவது, முடுக்கத்தை விட்டதும் அடங்குவது, அல்லது இறக்கத்தில் முடுக்கம் விட்டபோது மட்டும் ஊளையிடுவது ஆகியவை பின்னச்சுப் பெட்டியின் குறிகள். முடியாழியின் பல்லுக்கு இரு முகம் உண்டு. இழுக்கும்போது ஒரு முகமும், வண்டி பொறியைத் தள்ளும்போது மறுமுகமும் சுமை தாங்கும். எம்முகம் பொருந்தவில்லையோ அம்முகம் கதறும். சிற்றாழியின் தாங்கி தளர்ந்தாலும் இப்பொருத்தம் கெடும். வளைவில் மட்டும் ஒலித்தால் வேறுபாட்டுப் பல்லிணையின் சிறு ஆழிகளையோ, உருளிக் குடத்தின் தாங்கியையோ பார்க்க. இடப்பக்கம் திரும்பினால் வலப்பக்க உருளிமேல் சுமை சாயும் என்பதை மறவாமல் பார்க்க.

ஒலி ஏன் விட்டுவிட்டு வருகின்றது? சுமை ஏறினால் வில்பட்டைகள் அமுங்கி உந்துதண்டின் மூட்டுக் கோணம் மாறும். வெற்று வண்டியில் ஒலித்தது நிறைசுமையில் அடங்கும், அன்றி நிறைசுமையில் புதிதாய் எழும். ஓடி ஓடி எண்ணெய் சூடேறி இளகினால், குளிர்ந்தபோது தடித்த எண்ணெய் மறைத்து வைத்திருந்த தேய்மானம் வெளிப்படும். எண்ணெய் அளவு குறைந்த பெட்டி மேட்டில் ஒருவிதமாகவும் இறக்கத்தில் வேறுவிதமாகவும் நடந்துகொள்ளும். தாங்கு இரப்பர் கிழிந்த பல்லிணைப் பெட்டி முடுக்கும்போது மட்டும் எழும்பி இடிக்கும். இவற்றையெல்லாம் தேடுமுன், பின்னுருளியின் இரட்டைப் பட்டைகளுக்கிடையே ஒரு கருங்கல் சிக்கியிருக்கின்றதா என்று குனிந்து பார்க்க வேண்டும். கல்லைத் தட்டி எடுப்பதற்கு மாறாகப் பல்லிணைப் பெட்டியை இறக்கிய பெருமக்களும் உளர்.

எண்ணெயை வடித்துப் பார்ப்பது நாடி பிடிப்பது போன்றது. வடிகால் அடைப்பின் காந்தத்தில் சாம்பல்நிறக் குழம்பு மெல்லப் படிந்திருந்தால் அஃது இயல்பான தேய்வு. செதிள் செதிளாக மின்னினால் தாங்கி உரிகின்றது. காந்தத்தில் ஒட்டாத பித்தளைநிறத் துகள் இருந்தால் விரைவொப்பி வளையங்கள் தேய்கின்றன. பல்லின் துண்டே கிடைத்தால் ஐயத்திற்கு இடமில்லை.

இவ்வளவையும் சொல்லத் தமிழ் எங்கே தடுமாறியது? தீசல் என்பது பொறியின் பெயரன்று. 1897இல் ஆக்சுபர்க்கில் அப்பொறியை வெற்றியாக ஓட்டிக்காட்டிய உரூதோல்பு தீசல் என்னும் செருமானியனின் பெயர். ஆள்பெயரைத் தமிழ் எழுத்தில் எழுதினால் போதும், மொழிபெயர்ப்பது மடமை. அச் செருமானியன் வழியினர் பல்லாழியைச் ‘சான்ராடு’ என்கின்றனர். பல், சக்கரம் என்னும் இரு வீட்டுச் சொற்களின் கூட்டு அது. தாங்கியை ‘லாகர்’ என்கின்றனர். கிடக்கை என்பது அதன் பொருள். ஆங்கிலேயன் முடியையும் சிலந்தியையும் புழுவையும் நுகத்தையும் சட்டைக் கையையும் கொண்டு தன் பொறியுறுப்புகளுக்குப் பெயரிட்டான். உந்துதண்டின் கவைக்கு அவன் இட்ட ‘யோக்கு’ என்பது மாட்டின் நுகமே. அவன் நுகம் அறிவியலாகும். தமிழன் நுகம் நாட்டுப்புறமாகுமோ?

அச்சு, ஆரம், குடம், நுகம், கடையாணி என ஊர்தியின் உறுப்பனைத்திற்கும் ஈராயிரம் ஆண்டுப் பெயர் படைத்த இனம் இது. உப்பு வாணிகர் தம் வண்டியின் அடிமரத்தில் மாற்று அச்சொன்றைக் கட்டிச் சென்றதைப் புறநானூற்று 102ஆம் பாட்டில் ஔவையார் காட்டுகின்றார். சேம அச்சு என்பது அதன் பெயர். இன்று ‘ஸ்டெப்னி’ என்று நாக்குளறுவோர், சுமைவண்டி ஓட்டிய தம் முன்னோரிடம் அதற்கிணையான சொல் இருந்ததை அறியார்.

நாமக்கல்லில் சரக்குந்திற்கு உடல் அமைக்கும் தொழிலுக்குக் கூண்டு கட்டுதல் என்று பெயர். எந்தக் கலைச்சொற்குழு கூடி இதனை ஆக்கியது? உழைப்பவன் வாயில் பிறந்தது. அரசுத் தொழிற்பயிற்சி நிலையங்களில் ‘கம்மியர்’ என்னும் நல்ல தமிழ்ப்பெயர் பயிற்சிப்பிரிவின் பெயராக வழங்குகின்றது. பெயர்ப்பலகையில் தமிழ், உள்ளே சென்றாலோ மாணவன் பொருள் தெரியாமல் ‘யுனிவர்சல் சாயின்டு’ என்று உருப்போடுகின்றான். அம் மூட்டு எதற்கு ‘யுனிவர்சல்’ என்று வினவினால் விழிப்பான். குறுக்கை மூட்டு என்று சொல்லியிருந்தால், குறுக்கே கிடக்கும் நாற்கால் உறுப்பைக் கண்ட அளவில் பெயரும் பொருளும் ஒன்றாய் அவன் நெஞ்சில் ஏறியிருக்கும்.

இவ்விடத்தில் தனித்தமிழ் அன்பரும் ஒரு குட்டு வாங்கிக்கொள்ளத்தான் வேண்டும். அகரமுதலியை மடியில் வைத்துக்கொண்டு, ஒரு பல்லிணைப் பெட்டியைத் திறந்தும் பாராமல், அறைக்குள் அமர்ந்து ஓருறுப்புக்கு ஒன்பது பெயர் ஆக்கி, ஒன்றற்கொன்று மறுப்பெழுதி இதழ்ப்பக்கங்களை நிரப்புவோர் உளர். 1916இல் மறைமலையடிகள் தொடங்கிய இயக்கத்திற்கு நூறாண்டு கடந்தபின்னும் ஒரு சரக்குந்துக் கையேடு தனித்தமிழில் எல்லாப் பணிமனைகளிலும் தொங்கவில்லையெனில், பழி முழுதும் பகைவர்மேல் இல்லை. சொல்லாக்குநர் எண்ணெய்க்கறை படிந்த கைகளோடு கைகோத்திருந்தால் இந்நிலை வந்திராது. 19ஆம் நூற்றாண்டிலேயே யாழ்ப்பாணத்து மானிப்பாயில் சாமுவேல் கிரீன் என்னும் அமெரிக்க மருத்துவர் தமிழிலேயே மேலைமருத்துவம் கற்பித்து மருத்துவர்களை உருவாக்கினார். அவருடைய கலைச்சொற்களில் வடசொல் மலிந்திருந்தது என்பது வேறு வழக்கு. கற்பிக்கத் தொடங்கினார் என்பதே இங்கு வேண்டுவது. அயலான் ஒருவன் மாந்த உடலையே தமிழில் விளக்கியபின், இரும்புடலை விளக்கத் தமிழனுக்கு என்ன தடை?

1956இல் தமிழ் ஆட்சிமொழியாகச் சட்டம் ஆயிற்று. 2010இல் அண்ணா பல்கலைக்கழகம் கட்டடப் பொறியியலையும் இயந்திரப் பொறியியலையும் தமிழ்வழியில் தொடங்கிற்று. வரவேற்கத்தக்கதே. ஆயினும் கல்லூரியில் தமிழ்வழிப் பயின்று வருபவன், பணிமனை வாயிலில் ‘அப்னார்மல் நாய்சு’ என்றே எழுதப் பணிக்கப்படுவானாயின், அவன் பயின்ற தமிழ் அவ்வாயிலிலேயே செருப்போடு கழற்றி வைக்கப்படும்.

வேண்டுவது பெருந்தொகையன்று, பேராணையுமன்று. ஒரு பக்கத் தாள். ஒலி எத்தகையது என்பதற்கு ஓட்டுநன் சொன்ன சொல்லை அப்படியே எழுத ஒரு கட்டம். எந்தப் பல்லிணையில், என்ன விரைவில், ஏற்றத்திலா இறக்கத்திலா, முடுக்கும்போதா விட்டபோதா, மிதியை அழுத்தினால் என்னாகின்றது, வெறுவண்டியிலா சுமையோடா, குளிர்ந்த பொறியிலா சூடேறிய பின்னா, நேரே ஓடும்போதா திரும்பும்போதா, கடைசியாக எண்ணெய் மாற்றியது எப்போது, பட்டைகளுக்கிடையே கல் பார்த்தாயிற்றா எனப் பத்துக் கேள்விகள். நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோட்டுச் சரக்குந்து உடைமையாளர்கள் மனம் வைத்தால் வரும் திங்களுக்குள் அச்சிட்டுத் தம் வண்டிகளிலேயே வைத்துவிடலாம். எழுத்தர் அதனை ஏற்க மறுத்தால், ‘நாய்சு’ என்றெழுதிய தாளில் கையொப்பமிட ஓட்டுநன் மறுக்கட்டும்.